ஐயர் சொன்னா மாடு வரும்

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு தாழ்வு மனப்பான்மை உண்டு. தஞ்சாவூருக்குப் பெரிய கோயில், மதுரைக்கு மீனாட்சி, செஞ்சிக்குக் கோட்டை. நமக்கு முந்திரி, பலா, வருஷம் தவறாமல் புயல் எச்சரிக்கை. முத்தாண்டிக்குப்பம் பக்கம் வந்து வரலாறு என்று வாயைத் திறந்தால், "1956-ல நெய்வேலி கம்பெனி வந்துச்சு, அதுதாங்க வரலாறு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

அபாண்டம். 18-ஆம் நூற்றாண்டில் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த ஒவ்வொருத்தனும் ஒரு தடவையாவது நம் வட்டாரத்துக்கு வந்து சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறான். இங்கிருந்து கடலூர் பஸ் பிடித்தால் தேவனாம்பட்டினம்; அங்கே செயின்ட் டேவிட் கோட்டை. 1746-ல் பிரெஞ்சுக்காரன் மதராஸைப் பிடுங்கிக்கொண்டதும் இங்கிலீஷ் கம்பெனி மூட்டை முடிச்சோடு வந்து, 1752 வரை தலைமையிடத்தை நடத்தியது அங்கேதான். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து அந்தக் கோட்டையையும் பிடித்து இடித்துப் போட்டார். 1781 ஜூனில் ஐர் கூட் என்ற கம்பெனித் தளபதி, சிதம்பரம் கோயிலுக்குள் உட்கார்ந்திருந்த மைசூர் ஹைதர் அலியின் ஆட்களை விரட்டப் போய், வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினார். அதே கூட் ஜூலை 1-ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் ஹைதரை அடித்துக் கணக்கை நேர்செய்தார். 1782 ஏப்ரலில் கடலூர் மறுபடி பிரெஞ்சுக்காரன் கையில். 1783 ஜூனில் வண்டிப்பாளையம் மேட்டில் ஒரு சண்டை, கடலில் ஒரு சண்டை என்று இரண்டு தரப்பும் மாற்றி மாற்றி ஆளை இழந்தார்கள். கடைசியில் பார்த்தால், ஐரோப்பாவில் ஜனவரி மாதமே சமாதானம் பேசிக் கையெழுத்துப் போட்டாகிவிட்டதாம். தபால் வரத்தான் லேட்.

இத்தனைக்கும் அடியில் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அது இருப்பது மட்டும் அப்போது தெரிந்திருந்தால் அதற்கென்று தனியாக ஒரு மூன்று யுத்தம் நடந்திருக்கும்.

யுத்தம் என்றதும் நமக்குப் பீரங்கி ஞாபகம் வருகிறது. உண்மையில் அது அரிசிச் சமாசாரம். பத்தாயிரம் பேரை ஓரிடத்தில் நிறுத்தினால் அவர்கள் முதலில் கேட்பது எதிரி எங்கே என்றல்ல, சாப்பாடு எங்கே என்றுதான். நெல் விவசாயி வீட்டுக் குதிரில் இருக்கும். மாடு அவன் தொழுவத்தில் இருக்கும். இரண்டையும் வெளியே கொண்டுவர ஒன்று பணம் வேண்டும், இல்லாவிட்டால் சவுக்கு வேண்டும். பெரும்பாலான தளபதிகள் செலவு குறைச்சல் என்று இரண்டாவதையே தேர்ந்தெடுத்தார்கள்.

1750 வாக்கில் இந்தச் சாப்பாட்டு விவகாரத்தோடு தொடர்புள்ள இரண்டு இளைஞர்கள் தேவனாம்பட்டினம், கடலூர்ப் பக்கம் நடமாடியிருக்கிறார்கள். ஒருவர் ராபர்ட் க்ளைவ். கோட்டைப் பட்டாளத்துக்குச் சாமான் வாங்கிப் போடும் உத்தியோகம். எத்தனைக்கு வாங்கினோம், எத்தனைக்குக் கணக்கு எழுதினோம் என்பதெல்லாம் அவருக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். ஆற்காட்டில் வீரனாவதற்கு முன்பே, புளி மிளகாய் அரிசியில் அவர் நல்ல காசு பார்த்துவிட்டார்.

இன்னொருவர் 1750 ஜூலையில் கடலூரில் கப்பல் இறங்கினார். வயது இருபத்து மூன்று. பெயர் கிறிஸ்தியான் பிரீட்ரிக் சுவார்ட்ஸ். பிரஷ்யாக்காரர், ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷன் நடத்திய லுத்தரன் சபைக்குப் பாதிரியாக வந்தவர். நம் ஜனங்கள் வெள்ளைக்காரப் பாதிரிகளையும் ஐயர் என்றுதான் கூப்பிட்டார்கள். எனவே சுவார்ட்ஸ் ஐயர். இவருக்கும் பட்டாளத்துக்கு அரிசி வாங்கும் வேலை வந்து சேரும், ஆனால் முப்பது வருஷம் கழித்து. க்ளைவ் மாதிரி லாபம் பார்க்கத் தெரியாததால்தான் இவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது.

கப்பலிலிருந்து இறங்கி நான்கு மாதத்தில், நவம்பர் 23-ஆம் தேதி, தரங்கம்பாடியில் ஐயர் தமிழில் முதல் பிரசங்கம் செய்தார். மூன்று வருஷம் சென்னையில் இருந்துவிட்டு, ஆட்டோக்காரரிடம் இன்னும் சைகையில் பேசுகிறவர்கள் கவனிக்க. சும்மா சொல்லக் கூடாது, ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஷூல்ட்சே என்ற பழைய மிஷனரியிடம் கொஞ்சம் தமிழ் படித்துக்கொண்டுதான் வந்தார். அப்புறம் பாரசீகம், இந்துஸ்தானி, மராத்தி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார். நவாபிடம் பேச ஒன்று, தஞ்சை ராஜாவிடம் பேச ஒன்று, சிப்பாயிடம் பேச ஒன்று. துபாஷி வேலையில் இருந்தவர்களுக்கு இவரைக் கண்டால் வயிறு கலங்கியிருக்கும்.

இதே காலத்தில் கடலூரிலேயே கீர்நாந்தர் என்று ஒரு ஸ்வீடன்காரப் பாதிரி 1740-லிருந்து ஊழியம் செய்துகொண்டிருந்தார். 1758-ல் லாலி ஊரைப் பிடித்ததும் அவர் தரங்கம்பாடிக்குப் போய், அங்கிருந்து கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறினார். கல்கத்தா அவருக்கு ஒத்துக்கொண்டது. பணக்கார விதவை ஒருவரைக் கட்டிக்கொண்டார், சொந்தக் காசில் 1770-ல் சர்ச் கட்டினார், தடபுடலாக வாழ்ந்தார், 1787-ல் திவாலானார். கடன்காரர்கள் சர்ச்சையே ஏலத்துக்குக் கொண்டுவர, சார்லஸ் கிராண்ட் என்ற கம்பெனி அதிகாரி பணம் கட்டி மீட்டார். பாதிரியார் என்றாலே ஏழை என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். சம்பாதிக்க வழி இருந்தது. ஐயர் அந்த வழியில் போகவில்லை, அவ்வளவுதான்.

1762-லிருந்து ஐயருக்குத் திருச்சி. அங்கே அவர் வீடு என்று சொல்லப்பட்டது ஒரு பழைய கட்டடத்தில் ஒரு அறை. அவரும் அவர் கட்டிலும் போக, வேறு யாராவது உள்ளே வந்தால் முறை வைத்து மூச்சு விட வேண்டும். சோறும் காய்கறியும் சாப்பாடு, உள்ளூரில் சாயம் போட்ட கறுப்புத் துணி உடுப்பு. 1764-ல் மதுரையில் கம்பெனியை எதிர்த்துக் கிளம்பிய யூசுப் கானை முற்றுகையிட்டபோது காயம்பட்டு வந்த சிப்பாய்களை இவர்தான் போய்க் கவனித்தார். தெப்பக்குளத்தருகே 1766-ல் சர்ச் எழும்பியது. கம்பெனி இவரைப் பட்டாளத்துப் பாதிரியாக்கி வருஷம் நூறு பவுன் சம்பளம் போட்டபோது, அதில் பாதியைச் சபைக்கென்று ஒதுக்கிவிட்டார். கம்பெனி உத்தியோகஸ்தர்கள் மத்தியில் இது தொற்றுநோய் மாதிரி பார்க்கப்பட்டிருக்க வேண்டும். நல்லவேளை, யாருக்கும் பரவவில்லை.

1769-ல் தஞ்சாவூர் ராஜா துளஜாவை முதல் தடவையாகச் சந்தித்தார். ராஜா ஊஞ்சல் மஞ்சத்தில் உட்கார்ந்திருக்கிறார். மொழிபெயர்ப்பாளர் பாரசீகத்தில் கேட்கிறார், ஐயர் பாரசீகத்தில் பதில் சொல்கிறார், அவர் அதை ராஜாவுக்குத் திருப்பிச் சொல்கிறார். கொஞ்ச நேரத்தில் ஐயருக்குத் தமிழ் தெரியும் என்பது தெரிந்து, நடுவில் இருந்தவருக்கு வேலை போய்விட்டது. தட்டில் இனிப்பு வந்தது. ஐயர் எடுத்து வாயில் போடாமல் முதலில் ஜெபம் பண்ணினார். ராஜாவுக்குப் பாதிரியைப் பிடித்துப்போனது. மந்திரிகளுக்குப் பிடிக்கவில்லை, ராஜாவுக்கு யாரையாவது பிடித்தால் மந்திரிகளுக்கு எப்போதும் பிடிப்பதில்லை.

துளஜாவின் நிலைமை பரிதாபம். 1773-ல் ஆற்காட்டு நவாபும் கம்பெனியும் சேர்ந்து அவரைப் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். 1776-ல் மதராஸ் கவர்னர் பிகட் வந்து மறுபடி சிம்மாசனத்தில் உட்கார வைத்தார். நவாபுக்கு வட்டிக்குப் பணம் கொடுத்திருந்த கம்பெனிக்காரர்களுக்கு இதில் வசூல் கெட்டுப்போனது. என்ன செய்தார்கள்? தங்கள் கவர்னரையே தாங்களே கைது செய்தார்கள். பிகட் காவலிலேயே 1777-ல் செத்துப்போனார். இந்த லட்சணத்தில் இருந்த ஒரு நிர்வாகம், இரண்டே வருஷத்தில் ஹைதர் அலிக்கு 'எங்களை நம்புங்கள்' என்று சொல்லி அனுப்ப விரும்பியது. யாரை அனுப்புவது என்பதுதான் சிக்கல்.

ஹைதர் அலிக்குக் கம்பெனி மேல் இருந்த கோபம் நியாயமானது. 1769-ல் மதராஸ் வாசலில் வந்து நின்று, 'உனக்கு ஒன்று என்றால் நான், எனக்கு ஒன்று என்றால் நீ' என்று ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டு போனவர் அவர். அடுத்தடுத்த வருஷங்களில் மராத்தியர் அடித்தபோது கம்பெனியைத் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. இப்போது 1779. அவர் பாதுகாப்பில் இருந்த பிரெஞ்சு மாஹேயைக் கம்பெனி பிடித்துவிட்டது. ஹைதர் கொதித்துக்கொண்டிருக்கிறார். வேறு எந்த வெள்ளைக்காரனை அனுப்பினாலும் நம்ப மாட்டேன், அந்தப் பாதிரியை அனுப்புங்கள், அவர் பொய் சொல்ல மாட்டார் என்று ஹைதரே கேட்டதாகச் சொல்வார்கள். கவர்னர் ரம்போல்ட் உடனே ஐயரைக் கூப்பிட்டார். நாணயமான ஆள் ஒருவர் கைவசம் இருப்பது எத்தனை சௌகரியம்!

ஜூலையில் திருச்சியிலிருந்து கிளம்பினார். அப்போது கரூரே ஹைதருடையது. அங்கே உத்தரவுக்காகக் காத்திருந்து, சத்தியமங்கலம், கஜலட்டிக் கணவாய் வழியாக, புலிக்குப் பயந்துகொண்டே மலை ஏறி, ஆகஸ்ட் கடைசியில் ஸ்ரீரங்கப்பட்டணம். போகும்போதே நாட்குறிப்பு எழுதினார். அதுதான் இன்றைக்கு நமக்கு வேடிக்கை.

ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஞாபக சக்தி அசாத்தியம். கடிதத்துக்கு வாயால் பதில் சொல்வார். எழுத்தர் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிச் சரிபார்ப்பார். வேலையில் தாமதம் என்கிற பேச்சே கிடையாது. காரணம், சவுக்கு. கிட்டத்தட்ட இருநூறு பேர் சவுக்கும் கையுமாக நின்றார்கள் என்கிறார் ஐயர். அடி விழாத நாளே இல்லை. குதிரைக்காரனுக்கும் அதே சவுக்கு, வரி வசூல் அதிகாரிக்கும் அதே சவுக்கு, ஹைதரின் சொந்தப் பிள்ளைகளுக்கும் அதே சவுக்கு. சமூக நீதி என்றால் இதுதான். இதில் ஐயரைத் திகைக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. அடி வாங்கிய பெரிய அதிகாரியை வேலையை விட்டு நீக்க மாட்டார்கள். முதுகில் தழும்போடு, அதே நாற்காலியில், அதே வேலைக்குப் போய் உட்கார வேண்டும். சஸ்பெண்ட் இல்லை, இடமாற்றம் இல்லை, விசாரணைக் கமிஷன் இல்லை. நம் தாலுகா ஆபீசில் மனு கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது இந்தப் பக்கத்தை நினைத்துக்கொள்ளாதவர்கள் மகான்கள்.

அனாதைச் சிறுவர்களை ஹைதர் விட்டுவிடுவதில்லை. சோறும் துணியும் கொடுத்து வளர்க்கிறார் என்று பார்த்து ஐயர் மனம் குளிர்ந்தார். கூடவே, அந்தக் குழந்தைகள் கையில் மரத் துப்பாக்கி கொடுத்துக் கவாத்துப் பழக்குகிறார்கள் என்பதையும் குறித்துவைத்தார். அனாதை இல்லமும் ஆள் சேர்க்கும் முகாமும் ஒரே கூரைக்கடியில்.

தர்பாரில் விலை உயர்ந்த கம்பளத்தில் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துப் பேசினார் ஹைதர். அவருடைய பட்டாளத்தில் சம்பளத்துக்கு இருந்த ஐரோப்பியர்களில் ஜெர்மன்காரர்களும் உண்டு. ஐயர் கோட்டைக்கு வெளியே கூடாரத்தில் அவர்களுக்கு ஜெர்மனில் ஆராதனை நடத்தினார், யாரும் தடுக்கவில்லை. கடைசியில் ஹைதர் சொன்ன பதிலின் சாரம் ஒன்றுதான்: உங்கள் கம்பெனி வாக்குத் தவறிய பட்டியல் இது, அவர்கள் நேர்மையாக நடந்தால் நானும் நடக்கிறேன்.

இதில் இருக்கும் அயோக்கியத்தனம் என்னவென்றால், ஐயர் கம்பளத்தில் உட்கார்ந்து சமாதானம் பேசிக்கொண்டிருந்த அதே ஆகஸ்டில், அவரை அனுப்பிய அதே மதராஸ் அரசாங்கம், குண்டூருக்குப் போகிறோம் என்று ஹைதரின் கடப்பைச் சீமை வழியாக அவரிடம் அனுமதி கேட்காமலே ஒரு படையை அனுப்பியிருந்தது. அதாவது, முன்வாசலில் பாதிரி, கொல்லைப்புறத்தில் பட்டாளம். ஐயர் திரும்பி வந்து அறிக்கை கொடுத்தார். கவுன்சில் வாங்கி வைத்துக்கொண்டது. ரம்போல்ட் அடுத்த ஏப்ரலில் நிறையப் பணத்தோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். ஜூலையில் ஹைதர் பெரும்படையோடு ஆற்காட்டு நவாபின் சீமைக்குள் இறங்கினார்.

ஐயர் ஏமாளியா? என் தீர்ப்பு, இல்லை. தான் எதற்குப் பயன்படுத்தப்படுகிறோம் என்று சந்தேகிக்க அவருக்கு மூளை இருந்தது. யுத்தம் நின்றால் சரி என்று போனார். ஆனால் போனதால் கம்பெனிக்கு ஒரு வருஷ அவகாசம் கிடைத்ததே தவிர, விவசாயிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பயணத்தில் ஒரு வரவு உண்டு. கிளம்பும்போது ஹைதரின் ஆட்கள் வழிச்செலவுக்கு என்று முந்நூறு ரூபாய்ப் பையைக் கொடுத்தார்கள். ஐயர் வேண்டாம் என்றார். திருப்பிக் கொண்டுபோனால் எங்கள் உயிருக்கு ஆபத்து என்றார்கள். சவுக்கைப் பார்த்திருந்ததால் ஐயர் வாதாடவில்லை. மதராஸுக்கு வந்து அரசாங்கத்தில் கட்டப் பார்த்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். யாருமே வாங்கிக்கொள்ளாத அந்தப் பணத்தைத் தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளுக்கான இங்கிலீஷ் பள்ளிக்கு முதலாகப் போட்டார். அந்த வகையில் தஞ்சாவூரின் ஆங்கிலக் கல்விக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சவுக்குக்கும் ஒரு பங்கு உண்டு.

யுத்தம் வந்தது. மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள், ஏரி மதகுகளை உடைத்தார்கள், வயல் தரிசாகக் கிடந்தது. தஞ்சைக் கோட்டைக்குள் ஜனங்களும் பட்டாளமும் அடைந்து கிடக்க, காலையில் தெருவில் பிணங்கள். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. கொண்டுவர மாடுதான் வேண்டும். மாடு கொடுக்க ஒருத்தரும் தயாராக இல்லை. ஏனென்றால் முன்பு கொடுத்த மாடும் திரும்பவில்லை, கூலியும் வரவில்லை. ராஜா ஆள் அனுப்பினார், வரவில்லை. கம்பெனி உத்தரவு போட்டது, வரவில்லை. நம் எல்லாருடைய நாணயமும் போய்விட்டது, பாதிரியை நம்புகிறார்களா பார்க்கலாம் என்று ராஜாவே இறங்கிவந்தார்.

ஐயர் ஊர்களுக்குச் சொல்லி அனுப்பினார்: மாடு கொண்டு வாருங்கள், கூலிக்கு நான் ஜவாப்தாரி. ஓரிரண்டு நாளில் ஆயிரத்துக்கு மேல் மாடுகள் வந்தன. தன் உபதேசியார்களை ஊர் ஊராக அனுப்பி எண்பதாயிரம் கலம் நெல் கோட்டைக்குள் சேர்த்தார். நடுவில் ஒரு கை மாறியிருந்தால் அந்த எண்பதாயிரத்தில் எத்தனை வந்து சேர்ந்திருக்கும் என்று நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை போட்டு, எடைபோட வரிசையில் நின்றவர்களைக் கேளுங்கள். மாட்டுக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் முழுக் கூலி பட்டுவாடா ஆனது, மேற்கொண்டு ஒரு சிறு இனாமும்.

கவனியுங்கள்: இது தேவனாம்பட்டினத்தில் க்ளைவ் பார்த்த அதே வேலை. ஒருவர் அதில் கோடீஸ்வரராகும் வழியைத் தொடங்கினார். இன்னொருவர் கைக்காசு போடாமல் தப்பித்ததே பெரிது.

போர்க்காலத்துக் குருமார் பலருக்கு இந்த வேலை வாய்த்திருக்கிறது. கி.பி. 70 வாக்கில் ரோமானியர் ஜெருசலேமை முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்த யோகனான் பென் சக்காய் என்ற யூத ரபி, செத்தவர் போலச் சவப்பெட்டியில் படுத்துக்கொண்டு, சீடர்கள் தூக்கிவர ஊரைவிட்டு வெளியேறினார் என்று யூத மரபில் ஒரு கதை உண்டு. நேரே எதிரித் தளபதி வெஸ்பாசியனிடம் போய், நீர் சக்கரவர்த்தி ஆவீர் என்று ஒரு ஜோசியமும் சொல்லி, யவ்னே என்ற ஊரில் பாடசாலை நடத்த அனுமதி வாங்கினாராம். ஜெருசலேம் எரிந்தது, பாடசாலை பிழைத்தது. ஐயருக்குச் சவப்பெட்டி தேவைப்படவில்லை. இந்தப் பெரியவரைத் தடுக்காதே, விட்டுவிடு என்று ஹைதர் தன் படைகளுக்கு உத்தரவே போட்டிருந்தாராம். ஊரையே எரித்துக்கொண்டு வந்த சேனைக்கு நடுவே ஒரு பாதிரி தடையில்லாமல் போயிருக்கிறார்.

எல்லாப் பாதிரிக்கும் அந்த யோகம் இல்லை. நம் கடலூரிலேயே கெரிக்கே என்ற இன்னொரு ஜெர்மன் பாதிரி இருந்தார். 1782-ல் பிரெஞ்சுக்காரர் ஊரைப் பிடித்தபோது, ஹைதரின் குதிரைப்படை ஊருக்குள் புகுந்தால் என்ன ஆகுமென்று எல்லாருக்கும் தெரியும். கெரிக்கே பிரெஞ்சுத் தளபதியிடம் போய் மன்றாடி, அவர்களை உள்ளே விடாமல் தடுத்தார். வீட்டில் இங்கிலீஷ்காரர்களை ஒளித்தும் வைத்தார். கைம்மாறாக பிரெஞ்சுக்காரர்கள் அவருடைய சர்ச்சை வெடிமருந்துக் கிடங்காக மாற்றிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கு யோசிக்க வேண்டிய சர்ச்.

1782 டிசம்பரில் ஹைதர் செத்தார். அடுத்த வருஷம் அவர் மகன் திப்புவிடம் தூது போக ஐயரையே மறுபடி அனுப்பினார்கள். இந்தத் தடவை சத்தியமங்கலத்திலேயே திப்புவின் அதிகாரிகள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பா ஒரு தடவை ஏமாந்தது போதும் என்று மகன் நினைத்திருந்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

சண்டை ஓய்ந்தும் தஞ்சாவூர் ஓயவில்லை. வசூல் கொடுமை தாங்காமல் குடியானவர்கள் பல்லாயிரக்கணக்கில் சீமையை விட்டே ஓடிப்போனார்கள். திரும்பி வாருங்கள் என்று ராஜா கூப்பிட்டார், கம்பெனி கூப்பிட்டது, பழைய கதைதான். ஐயர் வாக்குக் கொடுத்ததும் ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பி வந்தார்கள். நீங்கள் சொன்னதால் வந்தோம், விதைப்புக் காலம் போய்விட்டாலும் ராப்பகலாக உழைத்து ஈடுகட்டுவோம் என்ற அர்த்தத்தில் அவர்கள் சொன்னதை ஐயர் எழுதிவைத்திருக்கிறார். கம்பெனி, தஞ்சாவூர் நிர்வாகத்தைக் கவனிக்கும் கமிட்டியில் இவரையும் சேர்த்தது. வன்முறை கூடாது என்றால்தான் வருவேன் என்று நிபந்தனை போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அவர் சறுக்கிய இடமும் ஒன்று உண்டு. 1787-ல் துளஜா சாகக் கிடந்தபோது, சுவீகாரம் எடுத்த ஒன்பது வயசுப் பையன் சரபோஜியை ஐயரிடம் ஒப்படைத்தார்; இவன் என் பிள்ளையில்லை, உங்கள் பிள்ளை என்றார். ஐயர் யோசித்தார். தோட்டத்தில் உட்கார்ந்து ஜெபம் பண்ணும் பாதிரிக்கு அரண்மனைச் சூதெல்லாம் சரிப்படாது, உங்கள் தம்பி அமர்சிங் இருக்கிறாரே, அவரே பையனுக்குத் தகப்பனாக இருக்கட்டும் என்று சொன்னார். சித்தப்பாவிடம் பட்டத்துப் பிள்ளையை ஒப்படைக்கச் சொல்கிறவர் நம் ஊர் நாடகம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை என்று அர்த்தம். அமர்சிங் தானே பட்டத்துக்கு வந்தார். கம்பெனி கூப்பிட்ட பண்டிதர்களும் சாஸ்திரம் புரட்டி அவருக்கே சாதகமாகச் சொன்னார்கள். பையன் வெளிச்சம் படாத அறையில் கிடந்தான்.

அப்புறம் ஐயர் பிராயச்சித்தம் மாதிரி எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். மதராஸுக்கு மனு, கல்கத்தாவுக்கு மனு, பண்டிதர்கள் கொடுத்த தீர்ப்புக்கு மறுப்பு. 1793-ல் பையனை மதராஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே படிப்பைக் கவனித்தவர், வெடிமருந்துக் கிடங்கு சர்ச் கெரிக்கே. சரபோஜி கடைசிவரை மதம் மாறவில்லை. சரசுவதி மகாலுக்கு ஏடும் புத்தகமும் சேர்த்தார், சத்திரம் நடத்தினார், தேவநாகரி அச்சுக்கூடம் வைத்தார். ஐயர் வேலைமெனக்கெட்டு வளர்த்த ராஜாவை ஞானஸ்நானத்துக்குக் கூட்டிப்போக முடியவில்லையே என்று லண்டனில் யாராவது பெருமூச்சு விட்டிருக்கலாம். தஞ்சாவூருக்கு அது லாபம்.

1798 பிப்ரவரி 13-ஆம் தேதி ஐயர் காலமானார். நாலரை மாதம் கழித்து, ஜூன் 29-ல் சரபோஜி பட்டம் ஏறினார். லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனிடம் சொல்லி ஒரு சலவைக்கல் சிற்பம் செய்து வரவழைத்தார். படுக்கையில் கிடக்கும் ஐயரின் கையை ராஜா பிடித்துக்கொண்டிருக்கிறார். தஞ்சாவூரில் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய சர்ச்சில் இன்றும் இருக்கிறது. பெரிய கோயில் பார்த்துவிட்டு வரும்போது கால்மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

ஐயருடைய வாக்கு கம்பெனிப் பட்டாளத்துக்குச் சோறு போட்டது, கம்பெனி மேல் ஊர் வைத்த அவநம்பிக்கையைத் தணித்தது, கம்பெனி வசூலுக்கு ஏழாயிரம் குடிகளை வயலுக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. அவர் கண்ணை மூடி இருபது மாதம் ஆகியிருந்தது. 1799 அக்டோபர் 25-ஆம் தேதி, அவர் வளர்த்த பிள்ளையிடம் கம்பெனி ஒரு உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கியது. அதன்படி தஞ்சாவூர்ச் சீமை நிர்வாகம் முழுக்கக் கம்பெனிக்கு. ராஜாவுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும்.